ஒரே நேரம் என்ற ஒப்பந்தம்

1981 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கென்னடி விண்வெளி மையத்தின் ஏவுதளத்தில், கொலம்பியா விண்வெளி ஓடம் தன் முதல் பயணத்துக்குத் தயாராக நின்றது. ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் என்ற விண்வெளி வீரர்கள் இருவரும் உள்ளே இருக்கைகளில் பட்டை கட்டிப் படுத்திருந்தார்கள். ஓடத்தில் ஐந்து கணினிகள் இருந்தன. ஐபிஎம் எழுதிய ஒரே மென்பொருளை நான்கு கணினிகள் ஓட்டின. அந்த மென்பொருளிலேயே பிழை இருந்துவிட்டால் நான்கும் ஒன்றாகக் கவிழும் என்பதால், ஐந்தாவதற்கு ராக்வெல் நிறுவனம் தனியாக வேறொரு மென்பொருள் எழுதியிருந்தது. ஏவுதலுக்கான இறங்குமுக எண்ணிக்கையில் இருபது நிமிடம் மீதமிருந்தபோது அந்த ஐந்தாவது கணினி மற்ற நான்கோடும் ஒட்ட மறுத்தது. கம்பி அறுந்திருக்கவில்லை, சில்லு எரிந்திருக்கவில்லை. தனித்தனியாகச் சோதித்தால் ஐந்தும் குறையற்ற கணினிகள். பல மணி நேரம் காத்திருந்துவிட்டு அன்றைய ஏவுதலைக் கைவிட்டார்கள். நான்கு கணினிகளும் தங்கள் வேலைகளில் ஒன்றை மற்ற வேலைகளோடு ஒப்பிடும்போது ஒரு சுற்று முன்னதாகச் செய்துகொண்டிருந்தன என்பது பிறகு தெரியவந்தது. அந்த ஓடத்தின் வேகமான வேலைகள் வினாடிக்கு 25 முறை சுழல்பவை. ஒரு சுற்று என்பது 40 மில்லி வினாடி, அதாவது ஒரு வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

இந்தச் சம்பவம் கணினித் துறையில் பெரிதும் பேசப்பட்டது. ஆனால் அதிலுள்ள சிக்கல் விண்வெளிக்கு மட்டும் உரியதல்ல. இன்று ஒரு சாதாரணக் காரில்கூடப் பல பத்து செயலிகள் இருக்கின்றன. என்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று தனித்தனியாக உட்கார்ந்து, ஒரே கம்பியில் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்கின்றன. தொழிற்சாலை ரோபோ, மின் துணைநிலையம், ரயில் சிக்னல், மருத்துவமனையின் வென்டிலேட்டர் எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். அலுவலகக் கணினி ஒரு வினாடி தாமதமாகப் பதில் சொன்னால் நமக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். பிரேக் கணினி தாமதமாகச் சொல்லும் சரியான விடை, தவறான விடைக்குச் சமம். இத்தகைய இயந்திரங்களைக் கட்டுபவர்கள் ஒவ்வொரு செயலியின் வேகத்துக்கும் துல்லியத்துக்கும் செலவழிக்கும் கவனத்தை, அவை எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தை ஒப்புக்கொள்வதற்கும் செலவழித்தாக வேண்டும். கடிகாரம் சரியாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்விதான். கச்சேரியில் பாடகரும் மிருதங்கக்காரரும் காலப்பிரமாணத்தை ஒரு நூலளவு கூட்டிவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆளுக்கொரு இடத்தில் சமம் வைத்தால் கச்சேரி அங்கேயே குலைந்துவிடும். செயலிகளுக்கு இடையிலான ஒப்புதல் தானாக வருவதில்லை. திட்டமிட்டு, வெளிப்படையாக, கோளாறு வந்தாலும் தாங்கும்படி அதைக் கட்டவேண்டும்.

தானாக ஏன் வருவதில்லை என்றால், காரணம் படிகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு செயலியும் ஒரு சிறு குவார்ட்ஸ் துண்டின் அதிர்வை எண்ணித்தான் நேரத்தை அறிகிறது. கைக்கடிகாரத்தில் இருக்கும் துண்டு வினாடிக்கு 32,768 முறை அதிரும். ஒன்றை இரண்டால் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது, ஆகவே பாதியாக்கிப் பாதியாக்கி ஒரு வினாடியைப் பெறுவது சுலபம். சில்லுகளின் படிகங்கள் இதைவிட வேகமானவை. ஆனால் எந்த இரண்டு துண்டும் ஒன்றுபோல வெட்டப்படுவதில்லை. வெப்பம் ஏறினால் அதிர்வு மாறும், வயதானாலும் மாறும். மலிவான படிகத்தில் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிசகு இருப்பது சகஜம். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். ஒன்று அந்த அளவு வேகமாகவும் இன்னொன்று அந்த அளவு மெதுவாகவும் ஓடினால், இரண்டுக்கும் இடையில் வினாடிக்கு 100 மைக்ரோ வினாடி இடைவெளி சேரும். 400 வினாடியில் அது 40 மில்லி வினாடி. அதாவது ஏழு நிமிடம் முடிவதற்குள், கொலம்பியாவை நிறுத்திவைத்த அதே ஒரு முழுச் சுற்று வித்தியாசம் சாதாரணப் படிகங்களின் சாதாரண நடத்தையாலேயே வந்துவிடும். இதில் பழுது என்று சொல்ல எதுவுமே இல்லை.

அப்படியானால் நல்ல கடிகாரம் வாங்கிவிட்டால் போயிற்று என்று வாதிடலாம். முதல் ஆட்சேபம் இதுதான், இது நியாயமாகவும் படும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்ததை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். அங்கே அமெரிக்கப் படைகளைக் காக்க நிறுத்தியிருந்த பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, ஈராக்கிலிருந்து வந்த ஸ்கட் ஏவுகணையைப் பின்தொடரத் தவறியது. 28 வீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணிவந்தது. பத்தில் ஒன்று என்ற பின்னம் கணினியின் இரும எண்ணில் முடிவில்லாமல் நீளக்கூடியது. 24 பிட் இடத்தில் அதை வெட்டி வைத்ததால் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ஒரு துளி குறைந்தது. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியபின் அந்தத் துளிகள் சேர்ந்து 0.34 வினாடி ஆகியிருந்தன. வினாடிக்கு சுமார் 1,676 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை அந்த நேரத்துக்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பொதுவாகக் கதையை இத்தோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் உள்ளே பார்த்தால் இன்னொன்று இருக்கிறது. எல்லாக் கணக்கும் ஒரே மாதிரி பிசகியிருந்தால் பெரிய ஆபத்து வந்திருக்காது. ரேடாருக்குத் தேவைப்பட்டது இரண்டு கணங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான். இரண்டிலும் ஒரே பிசகு இருந்தால் கழிக்கும்போது அது அடிபட்டுப் போயிருக்கும். இடையில் யாரோ நல்லெண்ணத்தோடு துல்லியமான மாற்றுக் கணக்கொன்றை எழுதி, மென்பொருளின் சில இடங்களில் மட்டும் பொருத்தியிருந்தார்கள், மற்ற இடங்களில் பழையதே இருந்தது. ஒரே இயந்திரத்துக்குள் இரண்டு நேரங்கள் குடியிருந்தன. பாதி இடங்களில் மட்டும் வந்த துல்லியம், முன்பு தற்செயலாக இருந்த ஒற்றுமையைக் கெடுத்துவிட்டது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்துசேர்ந்தது அடுத்த நாள்.

கொலம்பியாவில் நடந்ததையும் இதே கண்ணோடு நெருங்கிப் பார்க்கலாம். அதன் நான்கு முதன்மைக் கணினிகளும் வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஒன்றுக்கொன்று சைகை கொடுத்து, எல்லாரும் வந்தாயிற்றா என்று பார்த்து, பிறகே அடுத்த அடி வைத்தன. அந்த அளவுக்கு ஒத்திசைவை மதித்தவர்கள்தான் அதைக் கட்டியவர்கள். அவர்களுக்கு ஒரு நுட்பமான கவலை இருந்தது. நான்கு கணினிகளும் தத்தம் கடிகாரத்தை நேரடியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நூலிழை வேறான எண்ணைப் படிக்கும். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல், அடுத்து என்ன வேலை எப்போது என்று குறித்துவைத்திருக்கும் வரிசையின் தலையில் இருக்கும் நேரத்தைப் படிக்கும்படி எழுதினார்கள். அந்த எண் எல்லாரிடமும் ஒன்றாக இருக்கும். முதன்முதலில் விழிக்கும் கணினிக்குத் துணை யாருமில்லை, அதன் வரிசையும் காலியாக இருக்கும், ஆகவே அப்போது கிடைப்பது உண்மையான இந்தக் கணம்தான் என்று எண்ணியிருந்தார்கள். ஆனால் ஏவுதலுக்குச் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பகுதியில் செய்த மாற்றத்தால், அந்தத் தொடக்க நேரத்தில் வரிசையில் ஒரு சிறு காத்திருப்பு ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் அளவும் பின்னர் சற்றுக் கூட்டப்பட்டது. விளைவாக, முதல் கணினி விழிக்கும்போது எதிர்காலத்திலுள்ள ஒரு நேரத்தை நிகழ்காலமாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு 67ல் 1 என்று ஆனது. ஏவுதலுக்கு முன் கணினிகளைத் தொடங்கியபோது அந்த ஒன்று விழுந்துவிட்டது. தரவு கேட்டு வாங்கும் வேலை ஒரு பக்கமும் மற்ற வேலைகள் ஒரு பக்கமுமாக ஒரு சுற்று விலகின. ஐந்தாவது கணினி, மற்றவை தரவு கேட்கும் தருணத்தை ஒட்டுக்கேட்டுத்தான் தானும் அந்தத் தரவை எடுத்துக்கொள்ளும். எதிர்பாராத வேளையில் வந்ததை இரைச்சல் என்று தள்ளிவிட்டு அது காதை மூடிக்கொண்டது. அது செய்தது சரியே. முதன்மைக் கணினி கோளாறாகி எதையாவது உளறினால் அதை நம்பக்கூடாது என்பதற்காகவே அதை அப்படி எழுதியிருந்தார்கள். கணினிகளை நிறுத்தி மறுபடி தொடங்கியதும் கோளாறு மறைந்தது. ஏப்ரல் 12 அன்று கொலம்பியா புறப்பட்டது.

67ல் 1 என்ற இந்த அளவைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஐம்பது முறை புதிதாகத் தொடங்கிப் பார்த்தாலும், இந்தப் பிழை ஒருமுறைகூடக் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதி. பெரிய அமைப்புகளை ஐம்பது முறை அடியிலிருந்து தொடங்கிப் பார்க்க யாருக்கும் பொறுமையோ காசோ இருப்பதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலிருந்துதான் சோதனையைத் தொடர்வார்கள். சோதித்துச் சோதித்துப் பிழையைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை ஒத்திசைவு விஷயத்தில் செல்லாது. விதியை முன்கூட்டியே எழுதி, அது எந்த நிலையிலும் குலையாது என்று தர்க்கத்தால் காட்டவேண்டியிருக்கிறது.

இங்கே எதிர்த்தரப்பு பலமாகவே பேச முடியும். இவ்வளவு ஒத்திசைவு செய்தும் கொலம்பியா நின்றதே, அப்படியானால் பிணைப்புதானே ஆபத்து, ஒவ்வொரு செயலியையும் தன்போக்கில் விட்டுவிட்டு விடைகளை மட்டும் ஒப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். இது வெறும் கேள்வியாக நின்றுவிடவில்லை, விமானமாகவே கட்டப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எஃப்-16 போர் விமானம் ஒன்றைச் சோதனை விமானமாக மாற்றி, மூன்று கணினிகள் கொண்ட கட்டுப்பாட்டு அமைப்பைப் பொருத்தினார்கள். மூன்றையும் வேண்டுமென்றே ஒத்திசைக்காமல் விட்டார்கள். மின்னலோ மின்காந்தக் குறுக்கீடோ தாக்கினால், ஒத்திசைவுக்காகப் போட்ட இணைப்பே மூன்றையும் ஒரே அடியில் வீழ்த்தும் வாசலாகிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பறந்து பார்த்தபோது வேறு கதை நடந்தது. மூன்று கணினிகளும் ஒரே சென்சாரை வெவ்வேறு கணங்களில் படித்தன. விமானம் வேகமாகத் திரும்பும்போது சில மில்லி வினாடிக்குள் அளவு கணிசமாக மாறிவிடும், அதில் சிறிது இரைச்சலும் கலந்தால் ஒருவர் படித்ததற்கும் இன்னொருவர் படித்ததற்கும் பெரிய இடைவெளி. நாற்பத்து நான்காவது சோதனைப் பறப்பில், ஒவ்வொரு கணினியும் மற்ற இரண்டும் பழுதாகிவிட்டதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பழுதாகும் என்று யாரும் எதிர்பார்க்காததால், மாற்று ஏற்பாட்டுக்குத் தாவும் வழியும் திறக்கவில்லை. மிஞ்சிய ஒரே கணினியின் கட்டுப்பாட்டில் விமானி தரையிறங்கினார். பிறகு பார்த்தால், வன்பொருளில் எங்குமே பழுது இல்லை. ஒத்திசைவை விட்டுவிட்டால் சிக்கல் ஒழிந்துவிடுவதில்லை, வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. விடைகளை ஒப்பிடும்போது எவ்வளவு வித்தியாசம் வரை பொறுப்பது என்று ஒரு எல்லை வகுக்கவேண்டும். எல்லையைக் குறுக்கினால் நல்ல கணினியையும் பழுது என்று தள்ளும், அகட்டினால் பழுதானதையும் ஏற்கும். ஒவ்வொரு புது மென்பொருளுக்கும் அந்த எல்லையை மறுபடி தேடவேண்டும். கொலம்பியாவிலும் முறிந்தது நான்கு கணினிகளின் திட்டமிட்ட பிணைப்பு அல்ல. ஐந்தாவது வந்து ஒட்டும் இடத்தில், ஒட்டுக்கேட்டு ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்ட இடைவெளியில்தான் முறிந்தது.

ஆனால் அந்த விமானத்தைக் கட்டியவர்களின் அச்சத்தில் ஒரு பாதி உண்மை. ஒரே ஒரு தலைமைக் கடிகாரத்தை வைத்து எல்லாரையும் அதைப் பின்பற்றச் சொன்னால், அது சாகும்போது எல்லாரும் சாவார்கள். தலைமை என்று ஒன்றை வைக்காமல் பல கடிகாரங்கள் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்வதுதான் இதற்கு விடை. இதில் ஒரு வியப்பான நுணுக்கம் இருக்கிறது. மூன்று கடிகாரங்கள் இருந்தால் ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டு சமாளிக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அ என்ற கடிகாரம் 10 மணி 0 வினாடி காட்டுகிறது, ஆ 10 மணி 4 வினாடி காட்டுகிறது என்று வையுங்கள். கெட்டுப்போன இ, அவிடம் 10 மணிக்கு 4 வினாடி குறைவு என்றும், ஆவிடம் 10 மணி 8 வினாடி என்றும் சொல்கிறது. அ தன் முன் இருக்கும் மூன்று அளவையும் வரிசைப்படுத்திப் பார்க்கிறது. நடுவில் இருப்பது தான்தான், ஆகவே திருத்தம் தேவையில்லை என்று முடிவு செய்கிறது. ஆவும் அப்படியே பார்த்து, நடுவில் இருப்பது தானே என்று திருப்தி அடைகிறது. நல்ல கடிகாரங்கள் இரண்டும் எந்தக் குற்றமும் செய்யாமலே விலகிக்கொண்டே போகும். ஒரே கடிகாரம் இரண்டு பேரிடம் இரண்டு நேரம் சொல்லுமா என்று கேட்கலாம். சொல்லும், தேய்ந்துபோன ஒரு மின் சைகை எழும் விளிம்பை ஒரு செயலி முன்னதாகவும் இன்னொரு செயலி பின்னதாகவும் உணர்ந்தால் போதும். நாசாவுக்காகத் தவறு பொறுக்கும் விமானக் கணினி ஒன்றை 1970களில் வடிவமைத்த கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ ஆய்வகத்தில்தான் இந்தச் சிக்கல் தெளிவாக முகம் காட்டியது. லெஸ்லி லாம்போர்ட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் இதற்குக் கணித நிரூபணம் தந்தார்கள். இப்படி மாற்றி மாற்றிச் சொல்லும் கடிகாரம் ஒன்றைத் தாங்க நான்கு கடிகாரங்கள் வேண்டும், இரண்டைத் தாங்க ஏழு. இந்த விலையைக் கொடுத்துவிட்டால், ஒத்திசைவு ஒற்றைப் பலவீனமாக இருப்பது நின்றுவிடும்.

வானத்திலிருந்து ஜிபிஎஸ் நேரத்தை வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்பவர்கள் 2016 ஜனவரி 26ஐ நினைவில் வைக்கவேண்டும். பழைய செயற்கைக்கோள் ஒன்றைப் பணியிலிருந்து எடுத்தபோது, உலக நேரத்தோடு ஒப்பிடும் ஓர் எண் சில செயற்கைக்கோள்களில் தவறாக ஏறியது. நேரம் 13 மைக்ரோ வினாடி பிசகியது. உலகின் பல இடங்களில் தொலைத்தொடர்புக் கருவிகள் எச்சரிக்கை எழுப்பின. வழி காட்டும் பணியோ பாதிக்கப்படவே இல்லை. செயற்கைக்கோள்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருந்த நேரம் குலையவில்லை, வெளி உலகத்தோடு அதை இணைத்த எண்தான் பிசகியது. எல்லா வேலையையும் ஒரே பெரிய செயலியில் போட்டுவிட்டால் ஒத்திசைவே வேண்டாமே என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் செயலி செத்தால் எல்லாம் போகும் என்பது ஒருபுறமிருக்க, இன்றைய பெரிய செயலியே பல செயலிகளின் தொகுப்புதான்.

ஒத்திசைவுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் கோபெட்ஸ் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்த முறையில், கம்பியில் யார் எந்தக் கணத்தில் பேசுவது என்பது முன்பே எழுதப்பட்ட அட்டவணைப்படி நடக்கும். ஒரு செயலி தன் முறையில் பேசாவிட்டால், அது பழுது என்று அந்தக் கணத்திலேயே மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும். வேறு எந்த முறையிலும் மௌனத்துக்கு இவ்வளவு தெளிவான பொருள் கிடையாது. இந்த முறையை நான் விரும்புவதற்கு இதுவே முதல் காரணம். 2022 நவம்பரில் நிலவைச் சுற்றிவரப் புறப்பட்ட ஓரியன் கலத்தின் உள் வலையமைப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அவசரச் செய்தி ஒன்று திடீரென்று வந்தாலும் தன் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். புதிதாக ஒரு கருவியைச் சேர்க்க அட்டவணையையே மாற்றவேண்டும். வாஷிங் மெஷினுக்கும் காரின் கண்ணாடி ஏற்றும் மோட்டாருக்கும் இந்தச் செலவு வீண். ஒரு அளவு எவ்வளவு நேரத்தில் பழையதாகிறது என்பதே பிரிக்கும் கோடு. அறை வெப்பநிலை ஒரு நிமிடம் பழையதானாலும் பயன்படும். வழுக்கும் சக்கரத்தின் வேகம் சில மில்லி வினாடிகளில் பழசாகிவிடும். அதைப் படித்த கணம் எது என்று தெரியாமல் பயன்படுத்துவது ஆபத்து.

இப்போது கார்களிலும் தொழிற்சாலைகளிலும் ஈதர்நெட் கம்பி வழியே நேரத்தைப் பகிரும் முறை பரவிவருகிறது. 2002ல் வெளியான ஐஇஇஇ 1588 என்ற தரநிலை அதற்கு ஓர் அடித்தளம். அதன் கணக்கு எளிது. தலைமைச் செயலி தன் கடிகாரத்தில் 100 காட்டும்போது ஒரு செய்தி அனுப்புகிறது, மற்றது அதைத் தன் கடிகாரத்தில் 125க்குப் பெறுகிறது. பிறகு அது 200க்குப் பதில் அனுப்ப, தலைமை 215க்குப் பெறுகிறது. போகும்போது 25, வரும்போது 15. இரண்டின் சராசரியான 20 பயண நேரம். வித்தியாசத்தில் பாதியான 5, இரண்டாவது கடிகாரம் முந்தியிருக்கும் அளவு. இரு வழிப் பயணமும் ஒரே நேரம் எடுக்கும் என்ற ஒரே அனுமானத்தின் மேல் இது முழுக்க நிற்கிறது. யாரோ ஒருவர் போகும் வழியில் மட்டும் செய்தியை 10 அலகு பிடித்துவைத்து விட்டால், 25 என்பது 35 ஆகும். கடிகாரம் 10 முந்தியிருப்பதாகக் கணக்கு வரும். செயலி தன்னையே 5 அலகு தவறாகத் திருத்திக்கொள்ளும். செய்தியில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது என்பதால் எந்த மறையாக்கப் பூட்டாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. வெவ்வேறு பாதைகளில் வந்த நேரங்களை, வெவ்வேறு தலைமைகள் சொன்ன நேரங்களை, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கார்களுக்கான விவரக்குறிப்பை எழுதுகிறவர்கள் இரண்டாவது பாதைக்கும் மூன்றாவது தலைமைக்கும் ஆகும் கம்பிச் செலவை விருப்பத் தேர்வாக விட்டுவிடாமல், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கட்டாயமாக்க வேண்டும். முதல் கணினி விழிக்கும் கணத்தையும், பழுதாகிப் போனது திரும்பி வந்து சேரும் கணத்தையும் தனித் தலைப்புகளாக எழுதிச் சோதிக்கச் சொல்லவும் வேண்டும்.